500 உயிர்களைக் காத்த கடல் வீரர் எடி ஐக்காவ்

ஹவாய்த் தீவுகளில் கார்களின் பின்புறத்திலும், கடைக் கதவுகளிலும், இளைஞர்களின் பனியன்களிலும் மூன்றே ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு வாசகம் காணப்படும். எடியாக இருந்தால் போயிருப்பார் என்பது அதன் பொருள்.

யார் இந்த எடி? எங்கே போயிருப்பார்?

எடி ஐக்காவ், ஹொனலுலு மாநகராட்சியின் ஊழியர். கடற்கரைக்கு வருகிறவர்கள் அலையில் சிக்கினால் காப்பாற்றுவது அவர் வேலை. சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்தார். மற்ற நேரத்தில் பலகை மீது நின்று அலைகளில் சறுக்கினார். இரவில் கிட்டார் வாசித்துப் பாடினார். பள்ளிப் படிப்பைக் கூட அவர் முடிக்கவில்லை.

1978-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி, கவிழ்ந்து கிடந்த ஒரு பாய்க்கலத்தில் தவித்தவர்களுக்கு உதவி தேடி, கொந்தளிக்கும் கடலில் தனியாகப் போனார். அவர் திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கு வயது 31.

நடுக்கடல் தீவுகள்

பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கிறது ஹவாய். பக்கத்துக் கண்டமான அமெரிக்காவின் கரைக்கே 2 ஆயிரம் மைலுக்கு மேல் போக வேண்டும். திசைகாட்டும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், நட்சத்திரங்களையும் அலைகளின் போக்கையும் பறவைகளையும் பார்த்துப் பாய்க்கலம் செலுத்தி, தெற்கே இருந்து இந்தத் தீவுகளில் வந்து குடியேறியவர்கள் பாலினீசிய மக்கள். எடியின் முன்னோர்கள் அவர்கள்தான்.

அலையில் சறுக்குவது அந்த மக்களின் பழைய கலை. நம் ஊர் மீனவர்கள் கட்டுமரத்தைக் கரைக்குத் திருப்பும்போது, பின்னால் வரும் அலையின் மீது அதை ஏற்றி ஒரே வீச்சில் மணலுக்குக் கொண்டு வருவார்கள். ஹவாய் மக்கள் அதே வித்தையை ஒரு பலகையின் மேல் நின்றுகொண்டு செய்தார்கள். மன்னரும் சறுக்கினார், மீனவரும் சறுக்கினார்.

1778-ம் ஆண்டு ஆங்கிலேய மாலுமி குக் அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு வந்த வெள்ளையர்களோடு நோய்களும் வந்தன. லட்சக்கணக்கில் இருந்த ஹவாய் மக்கள், 1890-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 40 ஆயிரமாகக் குறைந்து விட்டார்கள். நிலமெல்லாம் கரும்புத் தோட்டமாகவும் அன்னாசித் தோட்டமாகவும் மாறியது. 1893-ம் ஆண்டு லிலியுகலானி என்ற அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. பாடல்கள் இயற்றுவதில் வல்லவர் அந்த அரசி. 1896-ம் ஆண்டு, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் தீவுகள் அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டன.

பேசிய மொழிக்குப் பள்ளியில் இடம் இல்லை. ஆண்ட நிலத்தில் உரிமை இல்லை. மிஞ்சியது கடலும் பாட்டும்தான். எடி ஐக்காவ் இந்த இரண்டையும் கைவிடாத ஒரு குடும்பத்தில் பிறந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் வீடு

1946-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி, மாவித் தீவில் உள்ள கஹுலுய் என்ற துறைமுக ஊரில் எடி பிறந்தார். தந்தை பெயர் சாலமன். தாய் ஹென்றியட்டா. ஆறு பிள்ளைகளில் ஒருவர் எடி. துறைமுகத்தை ஒட்டிய சிறு அலைகளில்தான் அவர் சறுக்கப் பழகினார்.

1959-ம் ஆண்டு ஹவாய், அமெரிக்காவின் 50-வது மாநிலம் ஆயிற்று. அதே ஆண்டில் ஐக்காவ் குடும்பம் பிழைப்பு தேடி, தலைநகர் ஹொனலுலு இருக்கும் ஓவாஹுத் தீவுக்குக் குடிபெயர்ந்தது.

பெரிய குடும்பம். கையில் பணம் இல்லை. நகரத்தில் வாடகை அதிகம். அப்போது அவர்களுக்குக் கிடைத்த இடம், பவோவா பள்ளத்தாக்கில் உள்ள சீனர்களின் கல்லறைத் தோட்டம். புல்லை வெட்டி, கல்லறைகளைச் சுத்தம் செய்து பராமரித்தால், அங்கேயே ஒரு வீட்டில் குறைந்த வாடகைக்குத் தங்கிக் கொள்ளலாம். தந்தை ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் எல்லோரும் அந்த வேலையில் இறங்கினார்கள்.

தோட்டக் கூலிகளாகவும் வியாபாரிகளாகவும் சீனாவிலிருந்து கடல் கடந்து வந்து, சொந்த ஊருக்குத் திரும்பாமலே கண்மூடியவர்கள் பலர் அங்கே உறங்கினார்கள். யாரோ பெற்ற பிள்ளைகளின் கல்லறைகளை ஐக்காவ் வீட்டுப் பிள்ளைகள் துடைத்து வைத்தார்கள்.

வறுமை இருந்தாலும் அந்த வீட்டில் பாட்டு நின்றதில்லை. விருந்து நாட்களில் மண்ணைத் தோண்டி அடுப்பு மூட்டிப் பன்றியைச் சுடுவார்கள். குடும்பத்தினர் எல்லோரும் பாடுவார்கள். அண்டை வீட்டாரும், கடலில் பழகிய நண்பர்களும், எங்கிருந்தோ வந்த வெள்ளை இளைஞர்களும் வருவார்கள். யாரையும் நீ யார் என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

தளர்ந்த தந்தியின் இசை

எடி வாசித்த கிட்டாருக்கும் ஒரு கதை உண்டு. 1830-களில் ஹவாய் மன்னரின் மாடுகளை மேய்த்துப் பழக்குவதற்காக மெக்சிகோ நாட்டுக் குதிரை வீரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களோடு கிட்டாரும் வந்தது. வாசிக்கும் முறையைத் தீவு மக்கள் தங்கள் விருப்பப்படி மாற்றிக் கொண்டார்கள். தந்திகளில் சிலவற்றைத் தளர்த்தி, வேறு சுருதி சேர்த்து, கட்டை விரலால் கீழ் ஸ்வரங்களையும் மற்ற விரல்களால் மெட்டையும் ஒரே நேரத்தில் மீட்டுவார்கள். ஒருவர் வாசித்தாலே இருவர் வாசிப்பது போல் கேட்கும்.

இந்தச் சுருதிகளைப் பல குடும்பங்கள் வெளியாருக்குச் சொல்லாமல் ரகசியமாகக் காத்து வந்தன. தந்தை வாசிக்க மகன் கேட்டுக் கற்க வேண்டியதுதான். எடியும் இப்படிக் கேட்டு வளர்ந்தவர். மென்மையாகப் பேசுவார். அதிகம் பேசவும் மாட்டார். கிட்டாரை மடியில் வைத்தால்தான் வாய் திறப்பார். மேடையேறிப் புகழ் தேடும் பாடகராக அவர் ஆகவில்லை. வீட்டு முற்றத்திலும் கடற்கரையிலும் நண்பர்கள் நடுவிலும் பாடினார். பின்னாளில் சொந்தமாகவும் பாட்டுக் கட்டினார்.

கூலியில் வாங்கிய பலகை

பதினாறு வயதில் எடி பள்ளியை விட்டார். ஹொனலுலுவில் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கிடைத்த கூலியில் தமது முதல் அலைச்சறுக்குப் பலகையை வாங்கினார்.

ஓவாஹுவின் வடக்குக் கரையில் வைமேயா என்ற ஒரு விரிகுடா இருக்கிறது. கோடைக் காலத்தில் அது குளம் போல் கிடக்கும். குழந்தைகள் நீந்தி விளையாடும். குளிர்காலத்தில் வட பசிபிக் கடலில் புயல்கள் உருவாகும்போது, அங்கே கிளம்பும் பேரலைகள் ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்து, தடுக்க எந்த நிலமும் இல்லாமல், இந்தக் கரையில் வந்து மோதும். வைமேயாவில் அப்போது நாலு மாடிக் கட்டடம் போல் அலை எழும்.

1943-ம் ஆண்டு இந்த விரிகுடாவில் ஓர் இளைஞர் அலையில் சிக்கி மறைந்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெரிய அலை நாட்களில் அங்கே இறங்க யாரும் துணியவில்லை. 1957-ல்தான் ஒரு சிறு கூட்டம் மறுபடி இறங்கியது.

1967-ம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ந் தேதி, வைமேயாவில் அதுவரை அரிதாகவே கண்ட அளவுக்குப் பேரலைகள் எழுந்தன. பெயர் பெற்ற வீரர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு, யாருக்கும் அதிகம் தெரியாத 21 வயது ஹவாய் இளைஞர் ஒருவரும் சிவப்புப் பலகையோடு இறங்கினார். மற்றவர்கள் தயங்கிய அலைகளில் அவர் ஏறினார். எடி ஐக்காவ் என்ற பெயரை அன்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். பத்திரிகைகளில் அவர் படம் வந்தது.

மாநகராட்சி வேலை

அந்தக் காலத்தில் வடக்குக் கரையில் அரசாங்கக் காவல் எதுவும் இல்லை. கடலின் குணம் அறியாத வெளியூர்க்காரர்களும், விடுமுறையில் வந்த ராணுவ வீரர்களும் தண்ணீரில் இறங்கி உயிரிழந்தார்கள். 1968-ம் ஆண்டு ஹொனலுலு மாநகராட்சி அங்கே உயிர்காப்புக் காவலர்களை நியமித்தது. முதன்முதலாக எடுக்கப்பட்டவர் எடி. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், அந்தக் கடலை அவரைப் போல் அறிந்தவர் இல்லை என்பதுதான்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட கருவிகள் என்ன? காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு, ஒரு பலகை, அவ்வளவுதான். இன்றைக்கு இருப்பது போல் தண்ணீரில் பாய்ந்து செல்லும் மோட்டார் வண்டிகள் அப்போது இல்லை. மூழ்குகிறவரிடம் நீந்தித்தான் போக வேண்டும். அவரை இழுத்துக்கொண்டு நீந்தித்தான் திரும்ப வேண்டும்.

பேரலைகள் வரிசை வரிசையாக வரும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே சில நிமிடம் கடல் சற்று அடங்கும். அந்த இடைவெளியைக் கணித்து உள்ளே பாய்வதில் எடி கைதேர்ந்தவர். கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தைக் கண்டு சாதாரண மக்கள் பயந்து, எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குவார்கள். எடி அதே நீரோட்டத்தில் தம்மை விட்டு, அது கொண்டுபோகும் வேகத்திலேயே அவர்களிடம் போய்ச் சேருவார்.

காப்பாற்றுவதைவிட முன்கூட்டியே தடுப்பதில் அவருக்கு அக்கறை அதிகம். மணலில் நடந்து வருகிறவரைப் பார்த்தே, இவர் கடல் அறிந்தவரா அறியாதவரா என்று கணித்துவிடுவார். அறியாதவராக இருந்தால் பக்கத்தில் போய் அமைதியாகப் பேசித் திருப்பி அனுப்புவார்.

பத்து ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தார். அவர் காப்பாற்றியவர்கள் 500 பேருக்கு மேல் என்று கணக்கிடப்படுகிறது. சரியான எண்ணிக்கை இல்லை. காப்பாற்றியதும் காகிதத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. எடிக்கு அந்தக் காகித வேலை பிடிக்காது. ஆளைக் கரை சேர்த்துவிட்டு மறுபடி தம் கோபுரத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஒரு கணக்கு மட்டும் நிச்சயம். வைமேயாவில் எடி பணியில் இருந்த நேரத்தில் ஓர் உயிர் கூடப் போகவில்லை.

1971-ம் ஆண்டு, ஆண்டின் சிறந்த உயிர்காப்புக் காவலர் என்ற விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1972-ல் அவருக்குத் திருமணம் நடந்தது.

டர்பன் நகரில் நேர்ந்த அவமானம்

அலைச்சறுக்கில் பெயர் பெற்றதும் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அழைப்பு வந்தது. 1970-களின் தொடக்கத்தில் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரப் போட்டிக்கு எடி போனார். உடன் சென்ற ஹவாய் வீரர்கள் வெள்ளையர்கள்.

டர்பன் என்றால் தமிழருக்குப் புதிய பெயர் இல்லை. 1860-ம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கூலிக் கப்பல், நவம்பர் 16-ந் தேதி அந்தத் துறைமுகத்தில்தான் நம்மவர்களை இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த அவர்களின் வழித்தோன்றல்கள், எடி போன சமயத்தில் அதே நகரத்தில் நிறவெறிச் சட்டத்தின் கீழ் வாழ்ந்து கொண்டிருந்தார்கள். பஸ், பள்ளி, பூங்கா எல்லாவற்றிலும் பிரிவினை. கடற்கரை கூட வெள்ளையருக்குத் தனி, இந்தியருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது.

ஹவாய் வீரர்களுக்கு ஓட்டலில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எடியின் நிறத்தைப் பார்த்ததும் ஓட்டல்காரர்கள் அவருக்கு மட்டும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மன்னர் காலம் முதல் தம் முன்னோர்கள் ஆடிய விளையாட்டில் கலந்துகொள்ள அழைக்கப்பட்டவர் அவர். அந்த விளையாட்டுக்கு வந்த இடத்தில் தலை சாய்க்க அவருக்கு அறை இல்லை.

அந்த நேரத்தில் ஷான் டாம்சன் என்ற இளம் வீரரின் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டது. அவர்கள் வெள்ளையர்கள். அந்த வீட்டில் எடி குடும்பத்தில் ஒருவராகத் தங்கினார். அவமானம் அவர் மனதில் ஆறாத புண்ணாக இருந்தது. அந்த வீட்டாரின் அன்பையும் அவர் மறக்கவில்லை.

பட்ட கடன்

அன்பைத் திருப்பிச் செலுத்தும் காலம் சில ஆண்டுகளில் வந்தது.

1975-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த இளம் வீரர்கள் ஹவாய்ப் போட்டிகளில் பரிசுகளை வாரிக்கொண்டு போனார்கள். அதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. சிலர் பத்திரிகைகளில் தங்களைப் பற்றிப் பெருமையாகவும் ஹவாய் வீரர்களைப் பற்றி இளக்காரமாகவும் எழுதினார்கள். நாட்டை இழந்து, நிலத்தை இழந்து, மிச்சம் இருந்த அலையையும் வந்தவர்கள் பறிக்கிறார்களே என்று தீவு இளைஞர்கள் கொதித்தார்கள்.

1976-ல் அவர்கள் திரும்பி வந்தபோது ஆஸ்திரேலிய வீரர் வெய்ன் பார்த்தலோமியூ தாக்கப்பட்டார். ஷான் டாம்சனுக்கும் மிரட்டல் வந்தது. வெளியே தலைகாட்ட முடியாமல் அவர்கள் ஒளிந்திருந்தார்கள். அப்போது நடுவில் வந்து நின்றவர் எடி ஐக்காவ். ஓர் ஓட்டலில் இரு தரப்பையும் கூட்டினார். தீவு மக்களின் மனக்குறையை வந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார். வந்தவர்களின் தவறை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தார். அவர் மீது இருந்த மரியாதையால் கோபம் தணிந்தது. பெரிய அசம்பாவிதம் நடக்காமல் அந்தக் குளிர்காலம் கழிந்தது.

தம்பியின் சாவும் தாமதமான வெற்றியும்

எடிக்கு ஜெரால்டு என்று ஒரு தம்பி. வியட்நாம் போரில் பணியாற்றி உயிரோடு திரும்பியவர். 1973-ம் ஆண்டு ஊரிலேயே ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். யார் யாரையோ காப்பாற்றிய எடிக்குத் தம் தம்பியைக் காப்பாற்ற முடியவில்லை. நெடுநாள் அவர் யாருடனும் சரியாகப் பேசவில்லை என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். கல்லறைத் தோட்டத்திலேயே ஜெரால்டு அடக்கம் செய்யப்பட்டார்.

ஹவாயின் புகழ் பெற்ற நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்குவின் பெயரால் 1965 முதல் ஒரு அலைச்சறுக்குப் போட்டி நடந்து வந்தது. ஒலிம்பிக் பந்தயங்களில் மூன்று தங்கம் வென்றவர் டியூக். அலைச்சறுக்கை உலகுக்குக் காட்டியவரும் அவரே. அவர் பெயரில் உள்ள கோப்பையை வெல்ல வேண்டும் என்பது எடியின் ஆசை. 1973-ல் இன்னொரு தம்பி கிளைடு அதை வென்றார். எடிக்கோ ஆண்டுதோறும் கை நழுவியது. கடைசியில் 1977-ல் வென்றார். அந்த வெற்றியின் மகிழ்ச்சி அடங்குவதற்குள் வேறு ஓர் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது.

சுவாதி நட்சத்திரத்தின் பெயர் கொண்ட கலம்

ஹவாய்க்கு மனிதர்கள் தற்செயலாக அடித்துக்கொண்டு வரப்பட்டார்களே தவிர, வழி அறிந்து வரவில்லை என்று சில வெள்ளை அறிஞர்கள் எழுதி வந்தார்கள். அது தவறு என்று நிரூபிக்க, பழைய முறையில் ஒரு பாய்க்கலம் கட்டப்பட்டு 1975-ல் வெள்ளோட்டம் விடப்பட்டது. நீளம் சுமார் 62 அடி. இரண்டு ஓடங்களை அருகருகே நிறுத்தி, குறுக்குக் கட்டைகளை வைத்துக் கயிற்றால் பிணைத்த கலம் அது. இப்படிப்பட்ட இரட்டைக் கலங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து போனது.

அந்தக் கலத்துக்கு ஹோக்குலேயா என்று பெயர் வைத்தார்கள். மகிழ்ச்சி தரும் நட்சத்திரம் என்று அர்த்தம். நாம் சுவாதி என்று சொல்கிறோமே, அதே நட்சத்திரம்தான். ஹவாய்த் தீவுகளுக்கு நேர் உச்சியில் அது கடந்து போகும். தெற்கே இருந்து வரும் மாலுமிக்கு சுவாதி தலைக்கு மேல் வந்தால் ஹவாய் நெருங்கிவிட்டது என்று பொருள்.

1976-ல் ஹோக்குலேயா எந்தக் கருவியும் இல்லாமல் ஹவாயிலிருந்து தாகித்தித் தீவுக்கு 2,500 மைல் போய்ச் சேர்ந்தது. வழி காட்டியவர், மைக்ரோனீசியாவின் சத்தவால் என்ற சிறு தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். ஹவாயில் அந்தக் கலை அறிந்தவர் அப்போது ஒருவரும் மிஞ்சவில்லை.

1978-ல் மறுபடியும் தாகித்திப் பயணம் என்று முடிவாயிற்று. எடி விண்ணப்பித்தார். பயிற்சி பெற்றார். கலத்தில் செல்லும் குழுவில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநகராட்சி வேலைக்கு விடுப்புப் போட்டார். முன்னோர்கள் வந்த வழியில் தாமும் போய், தாகித்தித் தீவு கடலிலிருந்து மேலெழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஹோக்குலேயாவைப் பற்றி ஒரு பாட்டும் கட்டினார். ஹவாயின் பெருமை என்பது பாட்டின் தலைப்பு. புறப்படுவதற்கு முன் நண்பர்கள் நடுவில் கிட்டாரோடு அதைப் பாடினார்.

மார்ச் 16 இரவு

1978-ம் ஆண்டு மார்ச் மாதம் 16-ந் தேதி மாலை. ஹொனலுலு கரையில் பெரும் கூட்டம் கூடியிருந்தது. காற்று பலமாக இருந்தது. ஒரு மாதப் பயணத்துக்கான உணவும் தண்ணீரும் ஏற்றப்பட்டு, கலம் பாரமாக இருந்தது. துணைக்கப்பல் எதுவும் இல்லை. வழியனுப்ப வந்தவர்கள் காத்திருக்க, நாளைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. கலம் புறப்பட்டது.

நள்ளிரவு வாக்கில் மொலக்காய்த் தீவுக்குத் தெற்கே, ஒரு பக்கத்து ஓடத்தில் தண்ணீர் புகுந்தது. கலம் சாய்ந்தது. பெரிய அலை அடித்துக் கவிழ்த்துவிட்டது.

கவிழ்ந்த ஓடங்களின் முதுகைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் இருட்டில் தொங்கினார்கள். குளிர் நடுக்கியது. விடிந்ததும் வானத்தில் விமானங்கள் போயின. கடலில் கப்பல்கள் தூரத்தில் போயின. எதுவும் அவர்களைக் கவனிக்கவில்லை. காற்று அவர்களை விமானங்கள் போகும் பாதையிலிருந்து விலக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. சிலர் சோர்ந்துபோனார்கள்.

எடியிடம் அவருடைய பலகை இருந்தது. லானாய்த் தீவு பன்னிரண்டு மைலுக்கு மேல். அதுவரை துடுப்புப் போட்டுப் போய் உதவி கொண்டு வருகிறேன் என்று தலைவர் டேவிட் லைமனிடம் அனுமதி கேட்டார். தலைவர் முதலில் மறுத்தார். ஒருவரையும் பிரியவிடக் கூடாது என்பது கடல் விதி. நேரம் போகப் போக வேறு வழி தெரியவில்லை. காலை 10 மணிக்கு மேல் அனுமதி கொடுத்தார்.

எடி பலகையில் ஏறினார். மிதவைச் சட்டையை அணிந்திருந்தார். கைகளை வீசித் துடுப்புப் போட அது இடைஞ்சலாக இருந்ததால், சிறிது தூரம் போனதும் கழற்றிவிட்டார். கலத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓர் அலை மேட்டில் தெரிந்தார். அடுத்த மேட்டில் சிறியதாகத் தெரிந்தார். பிறகு தெரியவில்லை.

அன்று இரவு 8 மணி வாக்கில் ஒரு பயணிகள் விமானத்தின் விமானி, கலத்திலிருந்து விட்ட வெளிச்ச வாணத்தைப் பார்த்துவிட்டார். தகவல் பறந்தது. கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. கலத்தில் இருந்தவர்கள் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள்.

எடி லானாய் போய்ச் சேரவில்லை. விமானங்களும் படகுகளும் நாள் கணக்கில் தேடின. ஹவாயின் வரலாற்றில் அவ்வளவு பெரிய தேடுதல் அதற்கு முன் நடந்ததில்லை. எடியும் கிடைக்கவில்லை. அவர் பலகையும் கிடைக்கவில்லை. பவோவா கல்லறைத் தோட்டத்தில் எத்தனையோ பேரின் கல்லறையைத் துடைத்தவர் அவர். அவர் உடலுக்கு மண் கிடைக்கவில்லை.

நின்றுவிடாத பயணம்

இத்தனைக்குப் பிறகு ஹோக்குலேயாவைக் காட்சிப் பொருளாக வைத்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அன்று கலத்தில் இருந்தவர்களில் ஒருவர் நைநோவா தாம்சன் என்ற இளைஞர். நட்சத்திரம் பார்த்து வழிகாட்டப் பயின்று கொண்டிருந்தவர். எடி காண ஆசைப்பட்ட தாகித்தியை அடையாமல் விடுவதில்லை என்று அவர் உறுதி கொண்டார். பழைய குறைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. பயிற்சி கடுமையாக்கப்பட்டது. இனி துணைக்கப்பல் இல்லாமல் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். மாவ் பியாய்லுக் திரும்பி வந்து கற்றுக்கொடுத்தார்.

1980-ல் நைநோவா வழிகாட்ட, ஹோக்குலேயா தாகித்திக்குப் போய்த் திரும்பியது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு கருவி இல்லாமல் அந்தக் கடலைக் கடந்த முதல் ஹவாய்க்காரர் அவர். 2014 முதல் 2017 வரை அதே கலம் உலகத்தையே சுற்றி வந்தது.

எடி மறைந்த 1978-ம் ஆண்டிலேயே, ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு சேர்த்து மாநிலத்தின் ஆட்சி மொழி ஆக்கப்பட்டது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட மொழியைப் பிள்ளைகள் மறுபடி வகுப்பறையில் படிக்கத் தொடங்கினார்கள்.

அலை எழும் வரை காத்திருக்கும் போட்டி

எடியின் நினைவாக ஓர் அலைச்சறுக்குப் போட்டி ஏற்படுத்தப்பட்டது. முதல் போட்டி 1984-85 குளிர்காலத்தில் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் நடந்தது. 1986-87 முதல் அவர் காவல் காத்த வைமேயாவுக்கே மாற்றப்பட்டது. அங்கே நடந்த முதல் போட்டியில் வென்றவர் தம்பி கிளைடு.

இந்தப் போட்டிக்கு ஒரு விசேஷ விதி உண்டு. அலையின் முகப்பு 40 அடி உயரத்துக்கு, நாள் முழுவதும் தொடர்ந்து எழ வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆண்டு போட்டி கிடையாது. குளிர்காலம் தோறும் வீரர்கள் காத்திருந்துவிட்டுக் கலைவார்கள். 2024 முடிய நாற்பது ஆண்டுகளில் பதினோரு முறைதான் போட்டி நடந்திருக்கிறது. அலை மிகப் பெரிதாக எழுந்து, இறங்குவதா வேண்டாமா என்று வீரர்கள் தயங்கி நின்ற நேரத்தில் பிறந்ததுதான், எடியாக இருந்தால் போயிருப்பார் என்ற அந்த மூன்று சொல் வாசகம் என்கிறார்கள்.

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ந் தேதி போட்டி நடந்தது. உலகின் தலைசிறந்த வீரர்கள் வந்திருந்தார்கள். வென்றவர் லூக் ஷெப்பர்டுசன். அவர் அந்தக் கடற்கரையின் உயிர்காப்புக் காவலர். அன்று அவருக்கு விடுமுறை இல்லை. பணி நேரத்தின் இடைவேளைகளில் அனுமதி வாங்கிக்கொண்டு போய் அலைகளில் சறுக்கினார். சறுக்கி முடித்ததும் ஒவ்வொரு முறையும் உடை மாற்றிக்கொண்டு, பணி நேரம் முடியும் வரை வைமேயாவின் காவல் கோபுரத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.